அறுத்த பிறகு ஆறு மணி நேரம்

1. அசனப் பந்தி

எங்கள் திருச்சபையின் அசன விருந்தில் கறியை யாராலும் மெல்ல முடியாமல் போன மத்தியானத்திலிருந்து இதைத் தொடங்குகிறேன். இறைச்சித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற சிலர், நான் கண்டதை எழுதித் தரச் சொன்னார்கள். வேலையை விட்டு ஒரு வருஷமாகிறது, எழுத நேரம் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கிற வரிசை வேறு. நான் எந்த வரிசையில் தெரிந்துகொண்டேனோ அதே வரிசையில் சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேதியியல் படித்துவிட்டு பதினாறு வருஷம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியின் லேபில் இருந்தேன். துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரின் பிஎச் பார்ப்பது என் அன்றாட வேலை. ஏழு என்றால் நடுநிலை. ஏழுக்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். இந்த ஒரு எண்ணைத்தான் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ராஜபாளையத்தில் ஓர் ஆட்டுக்கறிக் கம்பெனி தொடங்கினார்கள். அறுத்து, உரித்து, குளிரவைத்து, பேக் செய்து ஹோட்டல்களுக்கும் விசேஷ வீடுகளுக்கும் அனுப்புவார்கள். தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். முதலாளி கோதண்டராஜா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கறியப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்மா?"

"ஒண்ணும் தெரியாது சார். அளக்கத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "அது போதும். இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அளக்கத்தான் ஆளில்ல."

சேர்ந்து ஏழு மாதம் ஒரு குறையும் வரவில்லை. அப்போது காலையில் அறுத்த கறி, சூடு ஆறுவதற்குள் வண்டியேறிவிடும். எட்டாவது மாதம் முதலாளி புதிய சில்லர் ஒன்றை இறக்கினார். ஆளுயரக் கதவும் உள்ளே நான்கு பெரிய மின்விசிறியும் உள்ள குளிரறை. உரித்த ஆட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் மூன்று மணி நேரத்தில் கறி ஐந்து டிகிரிக்கு வந்துவிடும். "மதுரைக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு மிஷின் கெடையாது" என்று வருகிற எல்லோரிடமும் கதவைத் திறந்து திறந்து காட்டினார். கறி கெட்டுப்போகும் பயம் போனது. முந்தின நாளே அறுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. எங்களுக்கெல்லாம் பெருமைதான்.

அந்தப் பெருமையோடுதான் எங்கள் சபையின் அசன ஆர்டரை நானே பேசி வாங்கிக் கொடுத்தேன். அசனம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை சபையார் அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அன்று ஆட்டுக்கறிக் குழம்பு இருக்கும். வெளியூரில் இருக்கிறவர்களும் அதற்காகவே வருவார்கள்.

நான் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தேன். மணம் நன்றாக இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். பல் இறங்கவில்லை. இன்னொரு பக்கம் வைத்துக் கடித்தேன். துண்டு நசுங்கியது, மறுபடியும் பழைய உருவத்துக்கு வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது எதிர் வரிசையில் எல்லோருடைய தாடையும் ஒரே மாதிரி அசைந்துகொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. இலை ஓரங்களில் சின்னச் சின்னக் குவியலாகக் கறி ஒதுக்கப்பட்டிருந்தது.

அசனக் கமிட்டித் தலைவர் ஞானதுரை அண்ணாச்சி, மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், பந்தி நடுவில் வந்து என் முன்னால் குனிந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"எஸ்தரு, விடியக்காலம் நாலு மணிலேருந்து அடுப்புல கெடக்கு. எம்புட்டு நேரந்தான் வேகவைக்க? இது ஆடா, இல்ல ஆட்டுக்குத் தாத்தாவா?"

நான் இலையை மூடிவிட்டு எழுந்துகொண்டேன்.

2. பல் பார்த்து வாங்கியவர்

மறுநாள் காலை முதலாளி அறையில் நானும் மைதீன் அண்ணனும் நின்றோம். மைதீன் அண்ணன்தான் எங்களுக்கு ஆடு வாங்குவதும் அறுப்பதும். முப்பது வருஷம் மார்க்கெட்டில் கடை வைத்திருந்துவிட்டு இங்கே வந்தவர். வெள்ளைத் தொப்பி, கணுக்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய லுங்கி. அதிகம் பேசமாட்டார்.

அசனத்துக்கு முன்பே இரண்டு ஹோட்டல்களிலிருந்து இதே புகார் வந்திருக்கிறது. முதலாளி என்னிடம் சொல்லவில்லை. இப்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினார்.

"கெழட்டு ஆட்டக் கலந்து அறுத்திருக்கீரு, மைதீன். வேற என்ன காரணம் இருக்க முடியும்? நேத்து ஒரு சபையே நம்மளப் பாத்துச் சிரிச்சிருக்கு. வார திங்கக்கெழமைலேருந்து வேற ஆள் வரும். நீரு வரவேண்டாம்."

மைதீன் அண்ணன் நிமிர்ந்தார்.

"மொதலாளி, ஒவ்வொரு ஆட்டுக்கும் வாயத் தொறந்து பல்லு பாத்துத்தான் வாங்குதேன். அசனத்துக்குப் போன அம்புட்டும் ரெண்டு பல்லுக் கெடா. ஒரு வருசத்த இப்பத்தான் தாண்டியிருக்கும். கெழட்டு ஆட்டக் குட்டின்னு சொல்லிக் குடுத்தா அந்தச் சோறு எனக்கு ஹராம். என்னைய அனுப்புங்க, போறேன். அந்தப் பேரோட அனுப்பாதீங்க."



எனக்கு அவர் மேல் சந்தேகம் இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருந்தது. ஆனால் ஓர் ஆள் மேல் பழி விழுவதற்கு முன் ஓர் எண்ணாவது கையில் இருக்க வேண்டும் என்பது லேபில் பழகிய பழக்கம். "சார், திங்கக்கெழம வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அறுப்பைக் கூட இருந்து பாக்கேன்" என்றேன்.

"என்னத்தப் பாப்பீங்க?"

"தெரியல சார். பாத்தாத் தெரியும்."

முதலாளி மேசையில் விரலால் தட்டினார். கடைசியில், "நாலு நாளு" என்றார்.

வெளியே வந்ததும் மைதீன் அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னார். "மேடம், நான் மார்க்கெட்டுல இருந்தப்ப காலைல அறுத்தா பத்து மணிக்குள்ள வித்துரும். ஜனங்க சூட்டோட வாங்கிட்டுப்போயி ஒலையில போட்ருவாவ. இந்தப் பொட்டி வந்த பொறவுதான் இந்தப் பேச்சு." சில்லர் பக்கம் தாடையைக் காட்டிவிட்டு நடந்தார்.

3. துடிப்பு

அன்று வரை நான் அறுப்புக் கூடத்துக்குள் அதிகம் போனதில்லை. பேக்கிங் அறையோடு என் வேலை முடிந்துவிடும். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, இறைச்சியில் குத்திப் பார்க்கிற கூர்முனைப் புரோப் மாட்டிய பிஎச் மீட்டரோடு நின்றேன்.

மைதீன் அண்ணன் பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். ரத்தம் முழுக்க வடிந்தது. உரித்தார். குடலெடுத்துக் கழுவினார். கொக்கியில் தொங்கவிட்டார். தலை இல்லை, இதயம் இல்லை, ரத்தம் இல்லை. இறந்த பொருள் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அதன் பின்தொடை துடித்தது.

நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். விரல் அகலத்துக்கு ஒரு சதைப் பட்டை, குளத்தில் மீன் திரும்புகிற மாதிரி, சுருக்கென்று அசைந்து அடங்கியது. பிறகு தோளில் ஒன்று. பிறகு மறுபடி தொடையில்.

"எப்பவும் இப்படித்தானா அண்ணே?"

"எப்பவும் இப்படித்தான் மேடம். நாங்க சின்ன வயசுல கை வச்சுப் பாப்போம். நீங்களும் வச்சுப் பாருங்க."

கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு, தொடையில் உள்ளங்கையை வைத்தேன். சூடு. உயிருள்ள ஆட்டைத் தொடுகிற சூட்டை விட அதிகமாகவே இருப்பதாகத் தோன்றியது. உள்ளங்கைக்கு அடியில் எதுவோ வேலை செய்துகொண்டிருந்தது.

புரோப்பைக் குத்தினேன். அறுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பிஎச் 6.9. நான் முதலில் எழுதிய எண் அது.

ஆட்டை முதுகெலும்பு வழியாகச் சரிபாதியாக அறுக்கச் சொன்னேன். வலது பாதி வழக்கம்போல சில்லருக்குப் போனது. இடது பாதியை, பேக்கிங் அறையை நன்றாகக் கழுவி, ஏசியைப் பதினாறில் வைத்து அங்கே தொங்கவிட்டேன். ஒரே ஆடு, ஒரே வயசு, ஒரே கத்தி. மைதீன் அண்ணன் மேல் குற்றம் என்றால் இரண்டு பாதியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மணிக்கு ஒருமுறை இரண்டுக்கும் போய் அளந்தேன். ஏசி அறையில் இருந்த பாதி, இரண்டு மணி நேரத்தில் 6.6. நான்கு மணி நேரத்தில் 6.2. ஆறு மணி நேரத்தில் 5.9. சாயந்தரம் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலை வந்து பார்த்தபோது 5.6. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. யாரோ படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் நின்றுகொண்ட மாதிரி.

சில்லரில் இருந்த பாதி நான்கு மணி நேரம் ஆகியும் 6.6-லேயே நின்றது. கறியின் சூடோ ஐந்து டிகிரிக்கு வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் கல்.

4. எது முந்துகிறது?

எங்களிடம் ஆடுகளைச் சோதித்து முத்திரை போட வருகிற கால்நடை டாக்டர் ஒருவர் உண்டு. வேலை முடிந்ததும் உட்காராமல் பைக்கை எடுக்கிறவர். புதன்கிழமை அவரை மறித்து என் நோட்டைக் காட்டினேன். நின்றபடி இரண்டு வரி படித்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுல ஒரே ஒரு கேள்விதான்மா. கறி விறைக்கிறது, கறி குளுருறது. ரெண்டுல எது முந்துது?"

அவர் அன்று சொன்னதையும், பிறகு அவர் கொடுத்த பாடநூலைப் படித்து நான் புரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆடு செத்ததும் அதன் தசைக்கு அந்தச் செய்தி உடனே போய்ச் சேர்வதில்லை. ரத்தம் நின்றதால் ஆக்சிஜன் வராது, அவ்வளவுதான். தசை தன் வேலையை நிறுத்தாது. ஏடிபி என்று ஒரு பொருள் இருக்கிறது, தசையின் எரிபொருள் அதுதான். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தசை இறுக மட்டுமல்ல, இறுகிய பிடியை விடுவதற்கும் ஏடிபி வேண்டும். ஆக்சிஜன் இல்லாதபோது, தசை தனக்குள் சேர்த்து வைத்திருக்கிற கிளைக்கோஜன் என்ற மாச்சத்தை உடைத்து ஏடிபி செய்துகொள்கிறது. நாம் மூச்சு வாங்க ஓடும்போது நம் கால் தசையும் இதே வேலையைச் செய்கிறது. அதில் மிச்சமாக விழுவது லாக்டிக் அமிலம். உயிரோடு இருந்தால் ரத்தம் அதை அள்ளிக்கொண்டு போகும். இங்கே ரத்தம் இல்லாததால் அங்கேயே தேங்குகிறது. அதனால்தான் பிஎச் இறங்குகிறது. அமிலம் ஓர் அளவுக்கு மேல் போனதும், அதைச் செய்துகொண்டிருந்த நொதிகளையே அது அடக்கிவிடுகிறது. 5.6 பக்கம் எல்லாம் நிற்கிறது. ஏடிபி தீர்கிறது. பிடியை விட ஆள் இல்லாமல் தசை விறைக்கிறது. அதன் பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. வேறு சில நொதிகள் மெல்ல மெல்ல நார்களை வெட்ட ஆரம்பிக்கின்றன. கறி பதமாவது அப்போதுதான்.

இந்த வரிசையில் குளிர் முந்திக்கொண்டால்? தசைக்குள் கால்சியத்தைப் பூட்டி வைக்கிற சின்னஞ்சிறு பைகள் குளிரில் ஒழுக ஆரம்பிக்கும். கால்சியம் வெளியே வந்தால் 'இறுகு' என்பது கட்டளை. ஏடிபி இன்னும் தீரவில்லை. தசை இருக்கிற பலம் முழுவதையும் கொண்டு இறுகும். இறுகிய நிலையிலேயே ஏடிபி தீர்ந்து பூட்டிக்கொள்ளும். அப்புறம் நாலு மணி நேரம் என்ன, நாள் முழுக்க வேகவைத்தாலும் சரியாகாது. ஆட்டுக்கு உடம்பும் சிறியது, கொழுப்புப் போர்வையும் மெல்லியது. அதனால் குளிர் சீக்கிரம் உள்ளே போய்விடுகிறது.

டாக்டர் போகும்போது, "நம்பிக்கை இல்லேன்னா ஒரு துண்ட ஐஸ்ல போட்டுப் பாருங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை போட்டுப் பார்த்தோம். மைதீன் அண்ணன் சூடு ஆறாத ஆட்டின் கழுத்திலிருந்து நீளவாக்கில் இரண்டு பட்டைச் சதை எடுத்துக் கொடுத்தார். ஸ்கேல் வைத்து இரண்டையும் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்கு வெட்டினேன். ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐஸ் தண்ணீரில் வைத்தேன். இன்னொன்று ஏசி அறையில், ஒரு தட்டில்.

மைதீன் அண்ணன், நான், முதலாளி மூன்று பேரும் ஐஸ் பாத்திரத்தைச் சுற்றி நின்றோம். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபது நிமிஷம் ஆனதும் உறைக்குள் இருந்த சதையின் ஓரம் சுருங்கத் தொடங்கியது. முதலில் என் கண் ஏமாற்றுகிறதோ என்று நினைத்தேன். இல்லை. எலும்பிலிருந்து பிரித்து, கத்தியால் நறுக்கி, உறைக்குள் போட்ட ஒரு துண்டுக் கறி, குளிருக்கு உடம்பைக் குறுக்கிக்கொள்கிற மனுஷனைப் போலத் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. மெதுவாக, விடாமல், இழுத்தது.

"சுபஹானல்லாஹ்" என்றார் மைதீன் அண்ணன். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

முதலாளி கடிகாரத்தை மறந்துவிட்டார். "ஏமிடி இதி..." என்று, 'என்ன இது' என்பது வீட்டுத் தெலுங்கில் வந்துவிட்டது அவருக்கு. பிறகு என்னைப் பார்த்து, "உசிரு இருக்காம்மா இதுல?" என்று கேட்டார்.

நான் ஸ்கேலை எடுத்து உறையின் பக்கத்தில் வைத்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து எடுத்து அளந்தேன். பத்து சென்டிமீட்டர், ஆறாகியிருந்தது. தடித்து, உருண்டு, கையில் மரக்கட்டை போல இருந்தது. ஏசி அறையில் இருந்தது ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே.

முதலாளி இரண்டையும் இரண்டு கையில் வாங்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மைதீன் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீரு திங்கக்கெழம வாரும்." கொஞ்சம் பொறுத்து, "நான் பேசுனது தப்பு. மனசுல வச்சுக்கிடாதேயும்" என்றார்.

மைதீன் அண்ணன் தலையை ஆட்டினார். கத்தியைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

5. அப்பாவின் கை

இது கம்பெனி விஷயம் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு விடியற்காலையில் என் அப்பா இறந்துபோனார். மூச்சு நின்ற சிறிது நேரத்திலேயே பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, "ஏட்டி எஸ்தரு, அழுதது போதும், துணி எடு. நேரமாச்சுன்னா வெறச்சிரும்" என்று அவசரப்படுத்தினார்கள். தாடையைக் கட்டினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். கையை நெஞ்சின் மேல் மடக்கி வைத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமாக வந்தது. ஏன் இவ்வளவு அவசரம், இன்னும் சூடாகத்தானே இருக்கிறார் என்று நினைத்தேன். மத்தியானம் நான் அவர் கையைப் பிடித்தபோது விரல்கள் என்னோடு வரவில்லை.

அந்த வியாழக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது இது எனக்கு உறைத்தது. ஆட்டின் தொடைக்குள் நடந்தது அப்பாவின் கைக்குள்ளும் நடந்தது. அதே மாச்சத்து, அதே அமிலம், அதே ஏடிபி. நாங்கள் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்த அத்தனை நேரமும், அவருடைய ஒவ்வொரு தசையும் இருந்ததைக் கொண்டு வேலை பார்த்து, தீர்ந்த பிறகுதான் நிறுத்தியிருக்கிறது. யாரும் கேட்டுக்கொள்ளாமல். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பயமாக இல்லை. அழுகையும் வரவில்லை. இவ்வளவு பெரிய ஒழுங்கு ஒன்று நம் எல்லோருடைய தோலுக்கு அடியிலும் இருக்கிறது, அதைத் தெரியாமலே நாம் நடமாடுகிறோம் என்ற பிரமிப்பில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கோயில் ரத வீதி வரைக்கும் போய் நடந்து திரும்பினேன்.

6. கத்தியில் ஒட்டிய கறி

புது முறை எழுதினோம். உரித்த ஆடு முதலில் பதினாறு டிகிரி அறையில் தொங்கும். பிஎச் 6-க்குக் கீழே வரும் வரை, ஏறக்குறைய ஆறு மணி நேரம், சில்லர் கதவு திறக்கக் கூடாது. புகார்கள் நின்றன.

நான் ஞானதுரை அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். விளைச்சலுக்கு நன்றி சொல்ல அடுத்து வந்த அறுப்புப் பண்டிகைக்கும் சபையில் விருந்து இருந்தது. "அண்ணாச்சி, இன்னொரு தடவ குடுங்க" என்றேன்.

"கமிட்டியில எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்லுதாவ" என்றார். பிறகு, "சரி, நம்ம சபைப் புள்ள. ஆனா இந்தத் தடவயும் தப்பாச்சின்னா நான் கமிட்டியில இருக்க மாட்டேன், பாத்துக்கோ" என்றார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தோம். விருந்துக்கு மூன்று நாள் முன்பு ஆலங்குளம் பக்கமிருந்து ஒரு லோடு கிடாய் வந்தது. நல்ல கிடாய்கள். வரும் வழியில் வண்டி பழுதாகி வெயிலில் நாள் முழுக்க நின்றிருக்கிறது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, தீனி தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கின்றன. எங்கள் பட்டியில் இறக்கிய இரவு தெருநாய்கள் வேலிக்குள் புகுந்து விரட்டியிருக்கின்றன. காயம் ஒன்றும் இல்லை. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மாதிரிக்கு முதலில் இரண்டை அறுத்தோம். மைதீன் அண்ணன் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"மேடம், இங்க வாங்க. கறி கத்தியில ஒட்டுது."

வழக்கமாகத் தொடைக்கறி இளஞ்சிவப்பாக, கொஞ்சம் ஈரமாக இருக்கும். இது கறுத்து வந்தது. அமுக்கினால் பசை மாதிரி இருந்தது. புரோப்பைக் குத்தினேன். 6.8. இரண்டு மணி நேரம் கழித்து 6.7. நான்கு மணி நேரம் கழித்தும் 6.7. ஆறு மணி நேரம் ஆயிற்று, எண் அசையவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று சோதனைக் கரைசலில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் சரி.

எனக்கு அப்போது புரிந்தது. இந்த ஆடுகள் ஒரு பகல் வெயிலிலும் ஓர் இரவு பயத்திலும் தங்களிடம் இருந்த மாச்சத்து முழுவதையும் செலவழித்துவிட்டு வந்திருக்கின்றன. உடைக்க ஒன்றும் இல்லை. அதனால் அமிலம் இல்லை. அமிலம் ஊறாத கறி தண்ணீரை விடாது, கறுப்பாகத் தெரியும், கிருமி சீக்கிரம் பிடிக்கும். நாய் விரட்டியதை நான் பார்க்கவில்லை. ஆனால் விரட்டியது அந்த எண்ணில் அப்படியே நின்றது. ஒரு பிராணி கடைசி நாளில் எப்படி நடத்தப்பட்டது என்பதை அதன் தசை மறைக்கவில்லை.

முதலாளியிடம் போனேன். "சார், இந்த லோட அறுக்கக் கூடாது."

"விருந்து நாள மறுநாளும்மா! மசாலாப் போட்டுக் கொதிக்க வச்சா கறுப்பு யாருக்குத் தெரியப்போவுது?"

"கறி நிக்காது சார். காலைல கொழம்பு வைக்கிறதுக்குள்ள வாடை வந்துரும். அறுநூறு பேரு சாப்பிடுதாவ. என் அம்மா சாப்பிடுதா."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மைதீன் அண்ணன் வாசலில் நின்றவர், "மொதலாளி, செட்டியார்பட்டியில நமக்குத் தெரிஞ்ச கீதாரி ஒருத்தரு ஆட்டு மந்தையோட பட்டி போட்ருக்காரு. பக்கந்தான். நான் போய்ப் பல்லு பாத்து எடுத்துட்டு வாரேன். இன்னைக்கே கொண்டாந்து, தீனி போட்டு, நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் அதுகளச் சும்மா விடுவோம். சாயந்தரம் அறுத்தாலும் மேடம் சொல்ற ஆறு மணி நேரம் கெடைக்கும்" என்றார்.

"அந்த லோடு?"

"பத்து நாளு மேயட்டும். அதுகளும் தேறிக்கிடும்."

முதலாளி போனை எடுத்தார். அவரே ஞானதுரை அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "கறி விடியக்காலம்தான் வரும் அண்ணாச்சி, முன்னாடி வராது. காரணம் நேர்ல சொல்றேன். நீங்க அடுப்ப லேட்டாப் பத்த வைங்க" என்றார்.

செட்டியார்பட்டி ஆடுகள் இரண்டு நடையாக, வண்டிக்குள் நெருக்கம் இல்லாமல் வந்தன. மைதீன் அண்ணன் பட்டியில் யாரையும் குரல் உயர்த்தவிடவில்லை. வேலியோரம் சாக்குத் தைத்து மறைத்தார். அகத்திக்கீரையும் தண்ணீரும் வைத்தார். மறுநாள் பார்த்தபோது ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அறுக்க ஒவ்வொன்றாக, மற்றவை பார்க்காதபடி, கூட்டிப்போனார். முன்பும் அவர் அப்படித்தான் செய்வார். எங்கள் மார்க்கம் அப்படிச் சொல்கிறது என்பார். அது கறிக்குள் என்ன செய்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிஎச் இறங்கியது. 6.5, 6.2, 5.9. ஒவ்வொரு ஆட்டிலும், சொல்லி வைத்த மாதிரி. நான் அளந்து அளந்து எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தேவையே இல்லாமல், இறங்குவதைப் பார்க்கிற ஆசைக்காகவே அளந்தேன்.

விருந்தன்று நான் பந்தியில் உட்காரவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கதை, கல்யாணப் பேச்சு, பாடகர் குழுச் சண்டை. கறியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஞானதுரை அண்ணாச்சி மட்டும் என் கையிலிருந்த ஜக்கை வாங்கிக்கொண்டு, "போயி உக்காந்து சாப்புடு. எலும்புதான் மிஞ்சுது" என்றார்.

7. பொறுத்திருப்பதும் வேலைதான்

அதற்குப் பிறகு பல வருஷம் அங்கே இருந்தேன். எத்தனை ஆடுகளில் அந்தப் புரோப்பைக் குத்தியிருப்பேன் என்று கணக்கு இல்லை. ஒருமுறைகூட அலுத்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அளக்காமல் ஆளைக் குறை சொல்லாதீர்கள். ஆடு வண்டியில் ஏறும்போதே கறியின் தரம் தொடங்கிவிடுகிறது, அதனால் பட்டியையும் போய்ப் பாருங்கள். மிஷின் எவ்வளவு வேகமாகக் குளிர வைக்கும் என்று கேட்பதோடு, கறி அதற்குத் தயாரா என்றும் கேளுங்கள்.

நான் வேலையை விடுகிற மாதம் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்திருந்தார். பதினாறு டிகிரி அறையில் ஆடுகள் வரிசையாகத் தொங்குவதையும், நாங்கள் பக்கத்தில் சும்மா டீ குடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "என்ன சார், அறுத்துத் தொங்கவிட்டுட்டு ஆளாளுக்கு நிக்கீங்க? சில்லருக்குள்ள தள்ளுங்க, நான் கெளம்பணும்."

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "செத்த நேரம் பொறுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் 'சற்று நேரம்' என்பதைத்தான் அப்படிச் சொல்வோம். பிறந்ததிலிருந்து நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இன்னொரு சொல் இருப்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. நான் அறைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு தொடையில் மெல்லிய துடிப்பு ஒன்று ஓடி அடங்கியது. சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.